ஸ்டார்ட் ஆகாத கார்: ஜம்பர் கேபிளா, புது பேட்டரியா, மெக்கானிக்கா, இழுவை வண்டியா?

சாவியைத் திருப்பியும் கார் ஸ்டார்ட் ஆகாதபோது உரிமையாளருக்கு முன்னால் பொதுவாக ஐந்து வழிகள் இருக்கின்றன. இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்தோ கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரிலிருந்தோ மின்சாரம் கொடுத்துக் கிளப்பிப் பார்க்கலாம். கையால் கியர் மாற்றும் வண்டியாக இருந்தால் தள்ளிக் கிளப்பலாம். பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கி மாட்டலாம். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழைக்கலாம். இல்லாவிட்டால் இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பலாம். இவற்றுக்கு ஆகும் செலவும் நேரமும் வெகுவாக வேறுபடுவதால், பலரும் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக முயன்று பார்க்கிறார்கள். அந்த வரிசை தவறானது என்பதே என் கருத்து. வண்டி எந்த விதத்தில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்பதை ஒரு நிமிடம் கவனித்தாலே ஐந்தில் இரண்டோ மூன்றோ அந்த இடத்திலேயே கழிந்துவிடும். அதோடு, வண்டியை உடனே கிளப்பிவிடும் வழிகள், கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கான தடயத்தையும் பல நேரங்களில் சேர்த்தே அழித்துவிடுகின்றன. ஆகவே எந்த வழி மலிவு என்பதைவிட, எந்த வழியைத் தேர்ந்தால் நாளைக் காலை மறுபடி இதே இடத்தில் நிற்க வேண்டியிருக்காது என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா

கோளாறுகள் இரண்டு பெரிய வகைகளாகப் பிரிகின்றன. செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றவே இல்லை, அல்லது முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது என்பது ஒன்று. வழக்கமான வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் மின்சாரம் சம்பந்தப்பட்டது: பேட்டரி, அதன் டெர்மினல்கள், கேபிள்கள், செல்ஃப் மோட்டார், அதற்குக் கட்டளை கொண்டுபோகும் ரிலேயும் சுவிட்சுகளும். பின்னதில் பேட்டரியைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. எரிபொருள், ஸ்பார்க், காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏற்படும் அழுத்தம்) ஆகியவற்றில் ஏதோ ஒன்று வரவில்லை, அல்லது வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல்தான், நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு ஜம்பர் கேபிள் போட்டு அரை மணி நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.

முதல் வகையை ஒலியைக் கொண்டு மேலும் பிரிக்கலாம். சாவியைத் திருப்பியதும் ‘டக டக டக’ என்று வேகமாகத் துடிக்கும் ஓசை வந்தால், பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. செல்ஃபின் சாலினாய்டு, அதாவது மோட்டாருக்கான இணைப்பை மூடும் மின்காந்தச் சுவிட்சு, உள்ளே இழுபட்டவுடன் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் கேட்கிறது. அதைக் கொடுக்க முடியாத பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று விழுகிறது. விழுந்ததும் சாலினாய்டு பிடியை விட்டுவிடுகிறது. சுமை நீங்கியதால் வோல்டேஜ் மறுபடி எழும்ப, சாலினாய்டு மறுபடி இழுபடுகிறது. இந்தச் சுழற்சிதான் நமக்குத் துடிப்பாகக் கேட்கிறது. மாறாக, ஒரே ஒரு கனமான ‘டக்’ மட்டும் கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால், சாலினாய்டு இழுபட்டும் மின்சாரம் மோட்டாருக்குள் போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம்: சாலினாய்டின் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கும். ஹெட்லைட் அடியோடு அணைந்துபோனால் சந்தேகம் டெர்மினலின் மீதோ, நெகட்டிவை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிளின் மீதோ திரும்ப வேண்டும்.

எந்த ஒலியும் இல்லாமல் டேஷ்போர்டு மட்டும் பளிச்சென்று எரிந்தால் கட்டளையே செல்ஃபுக்குப் போகவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவரை பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றியும், கியர் வண்டியில் கிளட்சை அடிவரை மிதித்தும், பட்டன் வண்டியில் பிரேக்கை நன்றாக அழுத்தியும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்புச் சுவிட்சு இருக்கிறது; அது தேய்ந்து போனால் முழு வண்டியும் செத்ததுபோல் நடிக்கும். ஸ்மார்ட் கீயாக இருந்தால் அதற்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல்லையும் நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டியோ கையேட்டில் காட்டியிருக்கும் வேறோர் இடத்திலோ பிடித்து அழுத்தினால், அந்தச் செல் தீர்ந்திருந்தாலும் வண்டி சாவியை அடையாளம் கண்டுகொள்ளும். இழுவை வண்டிக்கு ஃபோன் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய மிக மலிவான சோதனை இதுதான்.

மீட்டர் சொல்வது

ஐந்து வழிகளில் எதைத் தேர்வதற்கு முன்னும் ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியின் வோல்டேஜைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. 12 வோல்ட் ஈய அமில பேட்டரி உண்மையில் ஆறு செல்களின் தொகுப்பு. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருவதால், சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி என்று தோராயமாகக் கொள்ளலாம். எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தும் 10.5 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும் பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கிறது. அதை எந்த ஜம்பர் கேபிளும் காப்பாற்றாது. வண்டியை நிறுத்திய சிறிது நேரத்திலேயே அளந்தால் மேற்பரப்புச் சார்ஜ் காரணமாக எண் கூடுதலாகத் தெரியும் என்பதால், ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்த பின் அளக்க வேண்டும்.

ஓய்வு வோல்டேஜை விட முக்கியமானது செல்ஃப் சுற்றும் கணத்தில் மீட்டர் காட்டும் எண். மிதமான வெப்பநிலையில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 12.5 காட்டிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் 7க்கு விழும் பேட்டரி, பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தும் உள்ளே கொள்திறனை இழந்துவிட்டது. விழாமல் 12க்கு மேலேயே நின்றுகொண்டு செல்ஃபும் சுற்றவில்லை என்றால், மின்சாரம் பேட்டரியை விட்டு வெளியேறவே இல்லை. குற்றவாளி பேட்டரிக்கு அப்பால் எங்கோ இருக்கிறது. புது பேட்டரி வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த ஒரே அளவீடு பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

ஓர் இடத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பேட்டரியின் ஈயத் தூணின் உச்சியில் மீட்டரின் ஒரு முனையையும், அந்தத் தூணைச் சுற்றிக் கவ்வியிருக்கும் கிளாம்பின்மேல் மறு முனையையும் வைத்துக்கொண்டு, இன்னொருவரிடம் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். ஒன்றையொன்று இறுகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள். அவற்றுக்கிடையே வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உட்கார்ந்திருக்கிறது. வெளியே வெள்ளைப் பூப்பு எதுவும் தெரியாமலே இது நடக்கும். உள் விளக்குக்கும் ரேடியோவுக்கும் தேவைப்படும் சிறிய மின்சாரத்தை அந்தப் படலம் விட்டுக்கொடுக்கும், செல்ஃப் கேட்கும் பெரிய மின்சாரத்தை மட்டும் தடுத்துவிடும். கறுப்பு (நெகட்டிவ்) கேபிளை முதலில் கழற்றி, பிறகு சிவப்பை (பாசிட்டிவ்) கழற்றி, தூணையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்பை முதலிலும் கறுப்பைக் கடைசியிலும் மாட்டினால் வேலை முடிந்தது. பேட்டரி போய்விட்டது என்று கைவிடப்படும் வண்டிகளில் கணிசமானவை இந்தப் பத்து நிமிட வேலையில் சரியாகிவிடக்கூடியவை.

ஜம்பர் கேபிளும் ஜம்ப் ஸ்டார்ட்டரும்

செல்ஃப் சுற்றவில்லை, வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, டெர்மினல் சுத்தமாக இருக்கிறது என்று உறுதியானால், வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதே முதல் தேர்வு. இதில் கேபிளுக்கும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டருக்கும் இடையே ஒரு தேர்வு இருக்கிறது. கேபிளுக்குப் பராமரிப்பு கிடையாது, ஆண்டுக்கணக்கில் டிக்கியில் கிடந்தாலும் கெடாது; ஆனால் பக்கத்தில் இன்னொரு வண்டியும் அதன் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். மெல்லிய கேபிளாக இருந்தால் அதுவே தடையாகிச் சூடேறுமே தவிர, செல்ஃபுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொண்டுசேர்க்காது. லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் தனியாகப் பயணம் செய்பவருக்கு உகந்தது, துருவம் மாறிப் பொருத்தினாலும் பெரும்பாலானவை எச்சரித்து நின்றுவிடும். ஆனால் அதையும் அவ்வப்போது சார்ஜ் செய்து வைக்க வேண்டும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மாதக்கணக்கில் விட்டுவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். அடியோடு தீர்ந்த பேட்டரியைச் சில கருவிகள் பேட்டரி என்றே உணர்வதில்லை. அப்போது கட்டாய இயக்கப் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் துருவப் பாதுகாப்பும் விலகிவிடும். என் தேர்வு ஜம்ப் ஸ்டார்ட்டர்தான். அதைச் சார்ஜில் வைத்திருக்கும் பழக்கம் தமக்கு வராது என்று அறிந்தவர்கள் தடிமனான கேபிளையே வாங்கலாம்.

கேபிள் மாட்டும் வரிசையைப் பலரும் சடங்காகக் கருதுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறு முனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் ஈய அமில பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும். இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கழற்றும்போது வரிசை அப்படியே தலைகீழாகும். உதவும் வண்டியின் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்ட பின் முயன்றால் வெற்றி வாய்ப்பு கூடும். 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் காருக்கு எடுப்பதும், உடல் வீங்கிய, வெடித்த, கசியும், அல்லது உறைந்துபோன பேட்டரிக்குக் கொடுப்பதும் எந்த அவசரத்திலும் கூடாது. ஹைபிரிட், மின்சார கார்களிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கினால் அவையும் கிளம்பாது. அவற்றுக்கு வெளியிலிருந்து உதவி கொடுக்கலாம், ஆனால் அவற்றிலிருந்து பிற வண்டிக்கு எடுப்பதைப் பல தயாரிப்பாளர்கள் தடைசெய்கிறார்கள் என்பதால் கையேட்டைப் பார்க்காமல் கேபிளை எடுக்க வேண்டாம்.

வண்டி கிளம்பிவிட்டால் பலருக்கும் அதோடு பிரச்சினை முடிந்துவிடுகிறது. உண்மையில் அப்போதுதான் இரண்டாவது அளவீடு தேவைப்படுகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வரை தெரிந்தால், ஓடும் இன்ஜினிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. புதிய வண்டிகளில் கணினி தேவைக்கேற்ப இதைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும் என்பதால் சிறிய ஏற்றத்தாழ்வு இயல்பே. 12.5க்குக் கீழே நின்று மெல்ல இறங்கிக்கொண்டே போனால், இறந்தது பேட்டரி அல்ல, அதற்கு உணவளிக்கும் ஆல்டர்னேட்டர். வண்டி பாதி வழியில் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள ஓடும் இன்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் உயிரோடிருக்கிறது. அப்படிக் கழற்றும் நொடியில் எழும் மின்னழுத்தப் பாய்ச்சல் கணினியையே எரித்துவிடக்கூடும் என்பதால் அதைச் செய்ய முன்வருபவரிடம் வண்டியை விடாமல் இருப்பதே மேல்.

இன்னொரு நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது: கிளம்பிய பின் இருபது நிமிடம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்பது. ஆல்டர்னேட்டர் நிறைந்த பேட்டரியை நிறைவாக வைத்திருக்க வடிவமைக்கப்பட்டது. அடியோடு இறங்கிய பேட்டரியை மீட்பது அதற்குக் கடினமான, அதைச் சூடாக்கும் வேலை. 45 ஆம்பியர் மணி கொள்திறன் கொண்ட பேட்டரியை 4 அல்லது 5 ஆம்பியர் தரும் சார்ஜரில் இரவு முழுவதும் வைப்பதுதான் முறை. அப்படி நிறைத்து, ஓர் இரவு ஓய்வுக்குப் பின்னும் 12.6ஐ ஒட்டி நிற்கிறது என்றால், அந்த பேட்டரிக்கு இன்னும் வாழ்வு இருக்கலாம்.

தள்ளிக் கிளப்புதல்

1912இல் கடிலாக் கார் நிறுவனம் மின்சார செல்ஃபைக் கொண்டு வருவதற்கு முன்பு இன்ஜினைக் கையால் சுற்றித்தான் கிளப்பினார்கள். தள்ளிக் கிளப்புவது அந்தக் காலத்தின் மிச்சம் போன்றது. கையால் கியர் மாற்றும் வண்டிக்கு மட்டுமே இது பொருந்தும். இக்னிஷனைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்தபடி தள்ளவிட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். செல்ஃப் மோட்டார் மட்டும் பழுதாகி பேட்டரி நன்றாக இருக்கும் வண்டியில் இது உண்மையாகவே பயன்படும், ஏனென்றால் பியூயல் பம்புக்கும் கணினிக்கும் வேண்டிய மின்சாரம் அங்கே இருக்கிறது. பேட்டரி முற்றிலும் தீர்ந்த வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. இன்ஜின் பிடிக்கும்வரை பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவி இருக்காது. பல முறை முயன்றும் பிடிக்காவிட்டால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் சந்தேகத்தில் இருக்கும்போது தள்ளவே கூடாது. ஆளும் சமதளமும் இருந்து, வேறு வழி இல்லாத இடத்தில் மட்டுமே இதை நான் ஏற்பேன்.

புது பேட்டரி

பேட்டரி மாற்றுவது ஐந்து வழிகளில் மிக எளிதாக விற்கப்படுவது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அது நிம்மதி தருகிறது. புதியதை மாட்டியதும் வண்டி கிளம்பியும்விடுகிறது, கோளாறு வேறெங்கோ இருந்தாலும்கூட. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்பது ஈய அமில பேட்டரியின் வழக்கமான ஆயுள். வெப்பம் அதை விரைவில் தேய்க்கிறது, குளிர் அந்தத் தேய்மானத்தை அம்பலப்படுத்துகிறது. அந்த வயதைத் தாண்டிய பேட்டரி, சுமைச் சோதனையிலும் தோற்றால், மேலும் யோசிக்காமல் மாற்றலாம். சுமைச் சோதனை என்பது பேட்டரியின்மேல் அச்சிட்டிருக்கும் சிசிஏ (குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரக்கூடிய ஆம்பியர்) எண்ணில் பாதி ஆம்பியரை 15 நொடி இழுத்து, வோல்டேஜ் 9.6க்குக் கீழே போகிறதா என்று பார்ப்பது. பேட்டரி கடைகளில் இதற்கான கருவி இருக்கும். இரண்டு ஆண்டு கூட ஆகாத பேட்டரி மறுபடி மறுபடி இறங்குகிறது என்றால், புதியது வாங்குவது பணத்தை ஓட்டைப் பானையில் ஊற்றுவதுபோல்தான்.

அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எல்லாம் அணைந்து, கதவுகள் பூட்டி, கணினிகள் உறக்கத்துக்குப் போக அரை மணி நேரம் விட்ட பிறகு, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஆம்பியர் நிலையில் மீட்டரை இணைத்தால், 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அந்த அளவில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணிதான் போகும். வாரக்கணக்கில் நின்றாலும் வண்டி கிளம்பும். அதுவே 500 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் படுத்துவிடும். அணையாத டிக்கி விளக்கு, பின்னால் பொருத்திய கேமரா, ஒட்டிக்கொண்ட ரிலே ஆகியவை வழக்கமான திருடர்கள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது எதை எடுத்ததும் எண் சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. மீட்டர் இணைந்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

மாற்றுவது என்று முடிவானால், சிக்னலில் நின்றால் இன்ஜினைத் தானாக நிறுத்திக் கிளப்பும் ஸ்டார்ட் ஸ்டாப் வசதி உள்ள வண்டிக்கு, ஏற்கெனவே இருந்த ஏஜிஎம் அல்லது இஎஃப்பி எனும் உறுதியான பேட்டரி வகையையே போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண வகையைப் போட்டால் அது சீக்கிரமே தேய்ந்துவிடும். சில வண்டிகளில் புது பேட்டரியைக் கணினிக்குத் தெரிவிக்கும் வேலையும் உண்டு.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இரண்டாவது வகைக் கோளாறில் ஜம்பர் கேபிள், தள்ளுதல், புது பேட்டரி ஆகிய மூன்றும் பெரும்பாலும் கழிந்துவிடுகின்றன. மிச்சமிருப்பது, நாமே சில நிமிடம் பார்ப்பது, மெக்கானிக்கை வரவழைப்பது, வண்டியை ஏற்றி அனுப்புவது. பார்க்கும்போது செல்ஃபை ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் சுற்றக் கூடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஒரு நிமிடமாவது விடாவிட்டால், இல்லாத இரண்டாவது கோளாறை நாமே உண்டாக்கிவிடுவோம்.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் இக்னிஷனை மட்டும் போட்டுவிட்டுக் காதைக் கூர்மையாக்கினால், பின் இருக்கையின் அடியிலிருந்து ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ‘உய்ங்’ என்று ஒரு மெல்லிய ஓசை வந்து நிற்கும். அது டாங்கிக்குள் இருக்கும் பியூயல் பம்ப் அழுத்தம் ஏற்றும் ஓசை. அது கேட்கவில்லை என்றால் பம்பின் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்கலாம். ஹாரனுக்கு அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் அதைக் கழற்றி இங்கே மாட்டிப் பார்ப்பது சுலபமான சோதனை. ஓசை கேட்டு, பெட்ரோல் நாற்றமும் பலமாக அடித்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கலாம். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப் எடுத்தால் பெரும்பாலான கணினிகள் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டு அதை வெளியேற்றும். டேஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் எனும் திருட்டுத் தடுப்பு அமைப்பு சாவியை ஏற்கவில்லை. உதிரிச் சாவி இருந்தால் அதை முயல வேண்டும். டீசல் வண்டியில் முன்சூடேற்றும் குளோ பிளக் விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டும். டீசல் தீர்ந்துபோய் நிரப்பிய வண்டியாக இருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கும், கைப் பம்ப் உள்ளவற்றில் அதை அழுத்தி வெளியேற்றலாம். எரிபொருள் முள்ளைப் பார்ப்பதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் முள் பொய் சொல்லும் வண்டிகளும் உண்டு.

இவை எதுவும் உதவாவிட்டால் உதிரிப் பாகங்களை யூகத்தில் வாங்கத் தொடங்குவதைவிட வண்டிக் கணினியின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனருடன் வரும் மெக்கானிக்கை அழைப்பதே சிக்கனம். பிளக், காயில், பம்ப், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில் ஆகும் செலவு, ஒருமுறை முறையாகச் சோதிக்க ஆகும் கூலியை எளிதில் தாண்டிவிடும். சூடான இன்ஜினை நிறுத்திய உடனே ஸ்டார்ட் ஆகாமல், ஆறிய பின் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் இன்ஜின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் நியாயமானது. ஸ்கேனரில் பி0335 என்ற குறியீடு வந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அந்தக் குறியீடு சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது, சென்சாரை மாற்று என்று சொல்வதில்லை. வயர் அறுந்திருந்தாலும் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருந்தாலும் அதே குறியீடுதான் வரும். நல்ல மெக்கானிக் குறியீட்டைப் படித்த பிறகு மீட்டரை எடுப்பார். குறியீட்டைப் படித்தவுடன் பாகத்தின் விலையைச் சொல்பவரிடம் சற்று நிதானமாகப் பேச வேண்டும்.

நேராக இழுவை வண்டி

சில நிலைமைகளில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் ‘விர்’ என்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதும் அமைப்பு இருப்பதால், ஒவ்வொரு கூடுதல் சுற்றும் சேதத்தைக் கூட்டும். வெள்ள நீரில் நின்ற வண்டியில் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அமுங்காத அந்தத் தண்ணீர், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். சாவியைத் தொடவே கூடாது. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டதாகத் தெரிந்தால் இக்னிஷனைக்கூடப் போடக் கூடாது, பம்ப் ஓடத் தொடங்கினாலே தவறான எரிபொருள் குழாய் முழுக்கப் பரவும். வயர் கருகிய வாடையோ புகையோ வந்தால் பேட்டரியின் கறுப்பு கேபிளைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு விலகி நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியையும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியையும் சக்கரம் தரையில் உருள இழுத்துப்போகாமல், முழுவதும் மேலே ஏற்றும் வண்டியில் அனுப்புமாறு ஃபோனிலேயே சொல்லிவிட வேண்டும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் அவர் எந்தக் கருவியைக் கொண்டுவருவது என்று தெரியாமல் வருவார். செல்ஃப் சுற்றுகிறதா, என்ன ஒலி வருகிறது, ஹெட்லைட் மங்குகிறதா, ஓய்விலும் செல்ஃப் எடுக்கும்போதும் மீட்டர் காட்டிய எண்கள் என்ன, கடைசியாக வண்டி எப்படி ஓடியது, அண்மையில் யார் என்ன வேலை செய்தார்கள், ஏற்கெனவே ஜம்பர் கேபிள் போட்டுப் பார்த்தோமா என்பவற்றைச் சொன்னால், அவர் பேட்டரியை எடுத்துவருவதா, செல்ஃப் மோட்டாரை எடுத்துவருவதா, ஸ்கேனரை எடுத்துவருவதா, இல்லை இழுவை வண்டியையே நேராக அனுப்பச் சொல்வதா என்று ஃபோனிலேயே தீர்மானித்துவிடுவார்.